ஆய்வுக் கட்டுரையைத் தேடுவதும் மேற்கோள் காட்டுவதும்: நீலகிரி மாணவர்களுக்கு ஓர் அரிச்சுவடி

'ப்ராஜெக்ட் எழுதுவதற்கு முன்னால் பத்து ஆய்வுக் கட்டுரையாவது படித்துவிட்டு வா' என்று மாணவர்களிடம் சொல்லிவிடுகிறோம். அவற்றை எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிக் குறிப்பிடுவது என்று உட்கார வைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். வீட்டிலும் கேட்க ஆள் கிடையாது. அதனால் கூகுளில் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் நான்கைந்து இணைய முகவரிகளை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஆய்விதழ்த் தரவுத்தளம் என்றால் என்ன? ஒரு துறையில் ஆய்வு செய்தவர் தன் முடிவைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார். அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேர் அதைப் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, அப்புறம்தான் அது வெளியாகிறது. இப்படி வெளியான லட்சக்கணக்கான கட்டுரைகளைப் பல இதழ்களிலிருந்து திரட்டி ஒரே இடத்தில் தேடும்படி வைத்திருப்பதுதான் தரவுத்தளம். அதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு: எழுதியவர், ஆண்டு, தலைப்பு, இதழின் பெயர், தொகுதி எண், பக்கம், சுருக்கம், பொருள் சொற்கள். நீங்கள் தேடும்போது இந்தக் கட்டங்களைத்தான் அது துழாவுகிறது. பிறகு மேற்கோள் எழுதும்போது நீங்கள் நிரப்புவதும் ஏறக்குறைய இதே கட்டங்களைத்தான். ஆகவே தேடுவது ஒரு வேலை, மேற்கோள் எழுதுவது கடைசி நாள் இரவில் செய்கிற இன்னொரு வேலை என்று பிரிக்காதீர்கள். கட்டுரை கையில் கிடைத்த நிமிடமே மேற்கோளும் எழுதியாகிவிட வேண்டும்.

எந்த வாசல் வழியாக நுழைவது?

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இப்போது நல்ல காலம். மத்திய அரசின் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும் படிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. இதே மையம்தான் கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் சேவையையும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்காவையும் நடத்திவருகிறது.

உங்கள் கல்லூரிக்கு எது உண்டு, வீட்டிலிருந்து நுழைய என்ன வழி என்பதை நூலகரிடம் கேளுங்கள். கூச்சமே வேண்டாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கித்தருவது அவர் வேலையின் ஒரு பகுதி. கேட்டு வருகிற பிள்ளையைப் பார்த்தால் நூலகர்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கல்லூரிக்குச் சந்தா இல்லையென்றாலும் வழி அடைபட்டுவிடாது. மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட். வேளாண்மை என்றால் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அக்ரிஸ். இயற்பியல், கணிதம் என்றால் ஆர்க்கைவ். எல்லாத் துறைக்கும் திறந்த அணுக்க இதழ்களின், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களின், அடைவு ஒன்று (டிஓஏஜே) 2003 முதல் இருக்கிறது. வரலாறு, மானிடவியல், இலக்கியம் படிப்பவர்களுக்கு ஜேஸ்டோர் ஒரு புதையல். சொந்தமாக ஒரு கணக்குத் தொடங்கினால் மாதத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை கட்டுரைகளைத் திரையில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் ஜேஸ்டோரில் பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டு இதழ்கள் இருக்காது. 'போன வருஷம் வந்த ஆய்வு எதுவுமே இல்லையே' என்று முடிவு கட்டிவிடாமல் இன்னொரு தளத்தையும் பாருங்கள்.

கூகுள் ஸ்காலரை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தொடங்குவதற்கு நல்ல இடம். என்ன, சரிபார்க்கப்பட்ட இதழும் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற இதழும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். பிரித்துப் பார்க்கிற பொறுப்பு உங்கள் தலையில்.

சொல்லில்தான் சூட்சுமம்

தேடல் பெட்டியில் முழுக் கேள்வியையும் எழுதுவதுதான் பலரும் செய்வது. 'நீலகிரியில் சீகை மரத்தால் சோலைக்காடுகளுக்கு என்ன பாதிப்பு' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக அடிப்பார்கள். பெரும்பாலான தரவுத்தளங்கள் கேள்வியைப் புரிந்துகொள்வதில்லை. கொடுத்த சொற்கள் அந்தக் கட்டங்களில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கின்றன. அதனால் கேள்வியைக் கருத்துகளாக உடையுங்கள். இங்கே மூன்று கருத்துகள்: சீகை, சோலை, நீலகிரி.

இப்போது ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்கள் என்னென்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். நாம் சீகை என்பதை அவர்கள் வாட்டில், பிளாக் வாட்டில் என்று எழுதியிருக்கலாம். தாவரவியலார் 'அகேசியா மியர்ன்சியை' என்று அறிவியல் பெயரில் எழுதியிருப்பார்கள். சோலை என்பது 'ஷோலா'வாக இருக்கலாம், 'மாண்டேன் ஃபாரஸ்ட்' என்று பொதுப்பெயரிலும் இருக்கலாம். ஒரே கருத்துக்குரிய பெயர்களை 'ஆர்' என்ற ஆங்கில இணைப்புச் சொல்லால் கோத்து அடைப்புக்குறிக்குள் போடுங்கள். கருத்துக்கும் கருத்துக்கும் நடுவே 'ஆண்ட்' போடுங்கள். இரண்டையும் பெரிய எழுத்தில் அடிப்பது நல்லது. 'ஆர்' வலையை விரிக்கும், 'ஆண்ட்' சுருக்கும். இரண்டு சொல் சேர்ந்தேதான் வர வேண்டும் என்றால் இரட்டை மேற்கோள்குறிக்குள் வையுங்கள். 'ஃபாரஸ்ட்' என்று அடித்து ஒட்டினாற்போல ஒரு நட்சத்திரக்குறி போட்டால் ஃபாரஸ்ட்ஸ், ஃபாரஸ்ட்ரி, ஃபாரஸ்டர் எல்லாம் சேர்ந்து வரும். ஜேஸ்டோர் போன்ற தளங்களில் இது வேலை செய்யும், கூகுள் ஸ்காலரில் செய்யாது.

நம் மலையைப் பற்றித் தேடுபவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்து காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஊட்டி, உதகமண்டலம் என்று மட்டும் தேடினால் 'ஊட்டகமண்ட்' என்று எழுதிய அத்தனை பழைய கட்டுரைகளும் விட்டுப்போகும். நீலகிரியை 19ஆம் நூற்றாண்டில் 'நீல்கெர்ரி' என்று எழுதினார்கள். பழனி மலையைப் பற்றித் தேடுகிற கொடைக்கானல் மாணவர்கள் 'புல்னி' என்றும் தேட வேண்டியிருக்கும்.

உயிரினங்களின் பெயர்களும் மாறும். வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட காலம் அதை இமயமலையில் வாழும் 'தார்' என்ற காட்டாட்டோடு ஒரே பேரினத்தில் வைத்து 'ஹெமிட்ராகஸ் ஹைலோக்ரியஸ்' என்றார்கள். மரபணு ஆய்வு இரண்டும் அவ்வளவு நெருங்கிய உறவில்லை என்று காட்டியதும், 2005இல் 'நீலகிரிட்ராகஸ்' என்று தனிப் பேரினமே உண்டாக்கினார்கள். புதுப் பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவருக்கு அதற்கு முந்தைய ஆய்வுகளில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது. பழையது, புதியது, 'நீல்கிரி தார்' என்ற பொதுப்பெயர் மூன்றையும் 'ஆர்' போட்டுத் தேடினால்தான் முழுப் படம் கிடைக்கும்.

மலைவாழ் மக்களைப் பற்றிய பழைய எழுத்தைத் தேடும்போது அந்தக் காலத்து ஆங்கிலச் சொற்கள் தேவைப்படும். இன்று அவற்றில் சில காதுக்கே உறுத்தும். தேடல் பெட்டியில் பயன்படுத்துங்கள். உங்கள் எழுத்தில் அந்த மக்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ அப்படியே எழுதுங்கள்.

முடிவுகள் ஆயிரக்கணக்கில் வந்தால் மலைக்க வேண்டாம். பக்கவாட்டில் வடிகட்டிகள் இருக்கும். ஆண்டு, மொழி, கட்டுரையா நூல் மதிப்புரையா, துறை நிபுணர்கள் சரிபார்த்ததா என்று தேர்ந்தெடுங்கள். பிறகு சுருக்கத்தைப் படியுங்கள். அதில் உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் தெரிந்தால் முடிவுரையைப் படியுங்கள். அதுவும் பொருந்தினால்தான் முழுக் கட்டுரை. நல்ல கட்டுரை ஒன்று மாட்டிவிட்டால் அதை லேசில் விடாதீர்கள். அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியல் உங்களைப் பின்னோக்கிக் கூட்டிப்போகும். 'இதை மேற்கோள் காட்டியவர்கள்' என்ற இணைப்பு முன்னோக்கிக் கூட்டிவரும். என்னைக் கேட்டால், புதிது புதிதாகச் சொல் போட்டுத் தேடுவதைவிட இந்த இரண்டு வழியிலும்தான் உருப்படியான கட்டுரைகள் அதிகம் கிடைக்கும்.

முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டால்? தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டு ஸ்காலரில் தேடி, 'எல்லாப் பதிப்புகளும்' என்பதைச் சொடுக்குங்கள். ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டு வைத்திருப்பார். அன்பேவால் என்ற இலவச நீட்டிப்பை உலாவியில் சேர்த்தால் சட்டப்படியான இலவசப் பிரதி எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டும். அதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கே நாலு வரியில் மரியாதையாக ஒரு மின்னஞ்சல். பலரும் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.

மழைக்காலத்தில் இங்கே மரம் விழுந்து மின்சாரம் போகும், நெட்டும் போகும். கிடைக்கிறபோதே பிடிஎஃப்-ஐ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்புக்கு ஆசிரியர், ஆண்டு, தலைப்பின் ஒரு சொல் என்று பெயர் வைத்தால் அதுவே பாதி மேற்கோள்.

ஒரு கட்டுரையைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

முத்தொரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறதே வானொலித் தொலைநோக்கி, அது 1970இல் கட்டி முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்த கோவிந்த் ஸ்வரூப்பும் குழுவினரும் அடுத்த ஆண்டே அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் மேற்கோளை ஏபிஏ முறையில் (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த மேற்கோள் முறை) எழுதுவோம்.

முதலில் ஆசிரியர்கள். பத்துப் பேர். ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி இருபது பேர் வரை எல்லாப் பெயரையும் எழுத வேண்டும். ஸ்வரூப், ஜி., அடுத்து சர்மா, என். வி. ஜி., அடுத்து ஜோஷி, எம். என். என்று கட்டுரையில் உள்ள அதே வரிசையில் போகும். பெயர் முன்னால், முதலெழுத்து பின்னால். பிறகு ஆண்டு, அடைப்புக்குறிக்குள்: 1971. பிறகு தலைப்பு: 'லார்ஜ் ஸ்டீயரபிள் ரேடியோ டெலஸ்கோப் அட் ஊட்டகமண்ட், இந்தியா'. பிறகு இதழ்: 'நேச்சர் பிசிக்கல் சயின்ஸ்', சாய்வெழுத்தில். தொகுதி 230, அதுவும் சாய்வெழுத்தில். பக்கம் 185 முதல் 188 வரை. கடைசியில் டிஓஐ (கட்டுரையின் நிலையான அடையாள எண்) இணைப்பு.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். இதழின் பெயர் 'நேச்சர்' இல்லை, 'நேச்சர் பிசிக்கல் சயின்ஸ்'. எழுபதுகளின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் மட்டும் தனி இதழாக வந்தது. அவசரத்தில் 'நேச்சர், 230' என்று எழுதினால், படிப்பவர் வேறோர் இதழின் 230ஆம் தொகுதியைப் புரட்டி ஏமாந்து திரும்புவார். இரண்டாவது, தலைப்பில் 'ஊட்டகமண்ட்' என்று இருக்கிறது. இன்றைய பெயர் உதகமண்டலம் என்பதற்காக அதை நாம் திருத்தக் கூடாது. அச்சில் உள்ளது உள்ளபடி.

உங்கள் பத்திக்குள் குறிப்பிடும்போது பத்துப் பெயரும் வேண்டாம். மூவருக்கு மேல் என்றால், மூவரே என்றாலும், 'ஸ்வரூப் மற்றும் பலர், 1971' என்றால் போதும்.

ஊட்டியிலேயே நடக்கும் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வின் கட்டுரை ஒன்றையும் பாருங்கள். இடிமேகத்துக்குள் 1.3 ஜிகாவோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியூவான் துகள்களைக் கொண்டு கணக்கிட்ட ஆய்வு அது. 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் 2019இல் வந்தது. தொகுதி 122. பக்க எண்ணைத் தேடினால் 105101 என்று ஆறு இலக்கம் நிற்கும். ஒரு லட்சத்து ஐயாயிரமாவது பக்கமா என்று திகைக்க வேண்டாம். அது கட்டுரை எண். இணையத்துக்கு மாறிய பல இதழ்கள் பக்க எண்ணை விட்டுவிட்டு இப்படித்தான் எண் கொடுக்கின்றன. ஏபிஏ முறையில் பக்கம் வர வேண்டிய இடத்தில் 'ஆர்ட்டிகிள்' என்று போட்டு அந்த எண்ணை எழுத வேண்டும். இதே கட்டுரையின் முன்பதிப்பு (இதழில் அச்சாகும் முன் ஆசிரியர்களே வெளியிடும் வடிவம்) ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கிறது. எதைப் படித்தீர்களோ அதையே மேற்கோளில் சொல்லுங்கள்.

டிஓஐ என்பது 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, பதிப்பகத்துக்குரிய எண், ஒரு சாய்கோடு, அப்புறம் கட்டுரைக்குரிய குறி என்று நீளும் அடையாள எண். நேச்சர் பதிப்பகத்துக்கு 10.1038. இதழின் தளம் மாறினாலும் இந்த எண் கட்டுரையை விடாது. உலாவியின் மேல்பட்டையில் இருக்கும் நீளமான முகவரியை நகலெடுத்து ஒட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது நீங்கள் கல்லூரிக் கணக்கில் நுழைந்திருந்த நேரத்துக்கு மட்டும் உருவான முகவரியாக இருக்கலாம். மறுநாள் உங்களுக்கே திறக்காது. டிஓஐ இல்லாத பழைய கட்டுரை என்றால், தளமே தரும் நிலையான இணைப்பைத் தேடி எடுங்கள். ஜேஸ்டோரில் அது கட்டுரை விவரத்தோடு சேர்ந்தே இருக்கும்.

எந்த முறையில் எழுதுவது என்பதை உங்கள் துறை சொல்லும். சமூக அறிவியலில் பெரும்பாலும் ஏபிஏ, ஆங்கில இலக்கியத்தில் எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்த முறை). முக்கியமான வேறுபாடு ஒன்று: எம்எல்ஏவில் நீங்கள் கட்டுரையை எடுத்த தரவுத்தளத்தின் பெயரையும் எழுத வேண்டும். ஏபிஏவில் ஜேஸ்டோர் போன்ற பொதுவான தளம் என்றால் தேவையில்லை. மற்றபடி புள்ளி எங்கே, காற்புள்ளி எங்கே என்பதைப் பார்த்துப் பார்த்து எழுதினால் பழகிவிடும்.

நம் பெயர்களில் வரும் சிக்கல்

இந்த முறைகள் எல்லாம் குடும்பப் பெயர் உள்ளவர்களை மனதில் வைத்து உருவானவை. நமக்கு அது பெரும்பாலும் கிடையாது. முன்னால் இருக்கும் எழுத்து அப்பா பெயர் அல்லது ஊர்ப்பெயர், பின்னால் இருப்பது சொந்தப் பெயர். மேற்கோளில் சொந்தப் பெயர்தான் முன்னால் வர வேண்டும். 1928இல் நேச்சரில் வந்த புகழ்பெற்ற கட்டுரையை உலகமே 'ராமன், சி. வி., கிருஷ்ணன், கே. எஸ்.' என்றுதான் குறிப்பிடுகிறது. ஆனால் தரவுத்தளத்தில் உள்ள 'சைட்' (மேற்கோள் காட்டு) பொத்தானை அழுத்தினால் தமிழ்ப் பெயர்கள் அடிக்கடி தலைகீழாக வரும். தனி முதலெழுத்தே குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். அப்பா பெயரை விரித்து எழுதியவர்கள் அப்பா பெயராலேயே பட்டியலில் ஏறிவிடுவார்கள். தன் உழைப்புக்கு இன்னொருவர் பெயர் நிற்பது யாருக்கும் நியாயமில்லை. கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து, பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துத் திருத்திவிடுங்கள். நம் ஆட்களின் பெயரை நாமே சரியாக எழுதவில்லை என்றால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

ஸோடெரோ போன்ற இலவச மென்பொருள் உங்கள் மேற்கோள்களைச் சேர்த்து வைத்து, ஏபிஏ, எம்எல்ஏ எதில் கேட்டாலும் பட்டியல் போட்டுத் தரும். கட்டாயம் பயன்படுத்துங்கள். அங்கேயும் பெயர்க் கட்டத்தை மட்டும் கையால் சரிபாருங்கள்.

படிக்காததை மேற்கோள் காட்ட வேண்டாம்

தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் 1906இல் தன் நூலில் எழுதிய ஒரு கருத்தை நீங்கள் பிற்காலக் கட்டுரை ஒன்றின் வழியாகத்தான் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிவர்ஸையே படித்த மாதிரி பட்டியலில் போடக் கூடாது. ரிவர்ஸின் பெயரைச் சொல்லி, 'இன்னாரின் கட்டுரையில் மேற்கோளாக வந்தது' என்று எழுதி, நீங்கள் படித்த கட்டுரையைத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆனால் அந்த நூல் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே இருக்கிறது. நேரடியாகப் போய்ப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. நடுவில் எழுதியவர் பாதியை விட்டிருக்கலாம்.

அடுத்தவர் வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள்குறியும் பக்க எண்ணும் வேண்டும். சொந்த நடையில் மாற்றி எழுதினாலும் கருத்து அவருடையதுதான், பெயர் சொல்லியே ஆக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேடுகளில் 10 சதவீதம் வரையான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. அதைப் பத்து சதவீதம் நகலெடுக்கக் கிடைத்த அனுமதியாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒன்று. இப்போது பலர் ஏஐ சாட்பாட்டிடம் 'இந்தத் தலைப்புக்குப் பத்து மேற்கோள் கொடு' என்று கேட்கிறார்கள். அதுவும் கொடுக்கிறது. ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அந்தக் கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. தேடுவதற்குச் சொற்கள் யோசிக்க அதைக் கேளுங்கள், தவறில்லை. மேற்கோளாகக் கொடுத்தால் ஒவ்வொன்றின் டிஓஐ-யையும் டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லையா, அல்லது வேறு ஏதோ கட்டுரை திறக்கிறதா? தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டு இரண்டு தரவுத்தளங்களில் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் அந்த வரியை அழித்துவிட்டு, உங்கள் சீகை, சோலை, நீலகிரியிலிருந்து மறுபடி தேடலைத் தொடங்குங்கள்.